வியாழத் தகடும் ஏழு படிகளும்

ஹெர்மெட்டிக் தத்துவம் என்று இணையத்தில் தேடுகிறவருக்கு முதலில் கிடைப்பது ‘ஏழு பிரபஞ்ச விதிகள்’. எல்லாம் மனமே, மேலே உள்ளது போலவே கீழேயும், எல்லாம் அதிர்கிறது, எல்லாவற்றுக்கும் இருமுனை உண்டு என்று பட்டியல் நீளும். பழைய எகிப்தின் பூசாரிகள் காத்து வந்த ரகசியம் என்ற முன்னுரையும் கூடவே வரும். அந்தப் பட்டியல் 1908இல் சிகாகோவில் அச்சானது. நூலின் பெயர் கிபாலியன். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தீட்சை பெற்ற மூவர்’ என்று மட்டும் இருந்தது. எழுதியவர் வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்ற அமெரிக்கர் என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் முடிவு. ‘யோகி ராமசரகா’ என்ற பெயரில் மூச்சுப் பயிற்சியும் ஹட யோகமும் எழுதியவரும் அவர்தான். எண்ணம் எண்ணத்தை ஈர்க்கும் என்ற ‘ஈர்ப்பு விதி’யைத் தலைப்பில் வைத்து 1906இல் நூல் வெளியிட்டவரும் அவர்தான். அந்த ஏழு விதிகளில் தெளிவான பழைய வேர் உள்ளது ‘மேலே உள்ளது போலவே கீழேயும்’ என்ற ஒன்றுக்குத்தான். அதுவும் மரகதப் பலகை என்ற சிறு உரையிலிருந்து வருகிறது. இன்று கிடைப்பதில் அந்த உரையின் மிகப் பழைய வடிவம் 8ஆம் நூற்றாண்டு அல்லது 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அரபு நூல் ஒன்றில் இருக்கிறது.

கிபாலியனைப் படிப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அதை வாசலாக வைத்துக்கொண்டால், ஹெர்மெஸ் என்ற புராண ஞானியின் பெயரில் மேலை மாந்திரீகத்துக்குள் உண்மையில் என்ன போனது என்பது கடைசி வரை தெரியாமலே போகும். போனது விதிகளின் பட்டியல் அல்ல, ஒரு ஏணி. அந்த ஏணி எப்படி வந்தது என்பதைக் கையால் செய்யும் பொருள் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால்தான் புரியும். வியாழன் கோளின் ஆற்றலை ஈர்க்கச் செய்யும் வியாழன் தகட்டையே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் மூல நூல்கள். கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில், ரோமர் ஆண்ட எகிப்தில், கிரேக்க மொழியில் எழுதப்பட்டவை இவை. இன்று கார்பஸ் ஹெர்மெட்டிகம் என்று வழங்கும் தொகுப்பில் பதினேழு உரைகள் இருக்கின்றன. 1460 வாக்கில் இதன் கையெழுத்துப் பிரதி ஒன்று மாசிடோனியாவிலிருந்து ஃபிளாரன்ஸ் வந்து சேர்ந்தது. அதில் இருந்தவை முதல் பதினான்கு உரைகள். நகரின் அதிபர் கோசிமோ தெ மெடிசி, பிளேட்டோவை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மார்சிலியோ ஃபிசினோவிடம் அதை ஒதுக்கி வைத்துவிட்டு இதை முதலில் முடிக்கச் சொன்னார். 1463இல் வேலை முடிந்தது, 1464இல் கோசிமோ இறந்தார், 1471இல் நூல் அச்சேறியது. ஹெர்மெஸ் மோசேயின் காலத்தவர், பிளேட்டோவுக்கும் முந்தைய ஞானி என்று அன்றைய அறிஞர்கள் நம்பியதுதான் இந்த அவசரத்துக்குக் காரணம்.

முதல் உரை பொய்மாண்ட்ரெஸ். அதன் கடைசிப் பகுதியில்தான் ஏணி இருக்கிறது. உடல் விழுந்தபின் ஆன்மா ஏழு மண்டலங்கள் வழியாக மேலே ஏறுகிறது. பிறப்பின்போது கீழே இறங்கி வந்த வழியில் ஒவ்வொரு மண்டலத்திலும் ஒட்டிக்கொண்டதை, திரும்பும்போது அந்தந்த இடத்திலேயே கழற்றி வைக்கிறது. முதல் மண்டலத்தில் வளர்வதும் தேய்வதுமான ஆற்றல், இரண்டாவதில் சூழ்ச்சி, மூன்றாவதில் ஆசையின் மயக்கம், நான்காவதில் ஆள வேண்டும் என்ற அகந்தை, ஐந்தாவதில் முரட்டுத் துணிச்சல், ஆறாவதில் செல்வத்தின் மீதான பேராசை, ஏழாவதில் பதுங்கியிருக்கும் பொய். எல்லாம் கழன்றபின் எட்டாம் மண்டலம். கோள்களின் பெயரை உரை ஒவ்வொன்றாகச் சொல்லவில்லை. ஆனால் சந்திரன், புதன், சுக்கிரன், சூரியன், செவ்வாய், வியாழன், சனி என்ற பழைய வரிசையை அறிந்தவருக்கு எது எது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. வியாழனுக்கு வந்தது ஆறாம் படி, செல்வப் பேராசை. இதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு நூல் லத்தீனில் மட்டும் முழுதாகத் தப்பிய அஸ்க்ளீபியஸ். எகிப்தியர்கள் மூலிகை, கல், நறுமணப் பொருள் ஆகியவற்றைச் சேர்த்துச் சிலைகள் செய்து, அவற்றில் தெய்வ ஆற்றலைக் குடியேற்றினார்கள் என்று அது சொல்கிறது. புனித அகுஸ்தீன் இந்தப் பகுதியைத்தான் கடுமையாகத் தாக்கினார். ஆயிரம் ஆண்டு கழித்து ஃபிசினோ 1489இல் வெளியிட்ட தன் மருத்துவ நூலின் மூன்றாம் பாகத்தில் அதே பகுதியை மிகுந்த எச்சரிக்கையோடு தொட்டார். ஒரு கோளுக்கு உரிய உலோகம், கல், செடி, மணம், இசை எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தால் அந்தக் கோளின் ஆற்றல் இழுக்கப்படும் என்பது அவர் வாதம். சிலை தகடாகச் சுருங்கியது இங்கேதான்.

தகட்டுக்குக் கணக்கைத் தந்தவர் ஹென்ரிக் கொர்னேலியஸ் அக்ரிப்பா என்ற ஜெர்மானிய அறிஞர். மறைபொருள் தத்துவம் பற்றிய அவருடைய மூன்று பாக நூலின் முதல் வரைவு 1510இல் முடிந்தது. முழு நூல் 1533இல் அச்சானது. முதல் பாகம் மூலகங்களின் உலகம், இரண்டாவது விண் உலகம், மூன்றாவது அறிவுலகம். இரண்டாம் பாகத்தில் ஏழு கோள்களுக்கும் ஏழு எண் கட்டங்கள் வருகின்றன: சனிக்கு 3×3, வியாழனுக்கு 4×4, செவ்வாய்க்கு 5×5, சூரியனுக்கு 6×6, சுக்கிரனுக்கு 7×7, புதனுக்கு 8×8, சந்திரனுக்கு 9×9. வியாழன் கட்டம் இது:

4 – 14 – 15 – 1
9 – 7 – 6 – 12
5 – 11 – 10 – 8
16 – 2 – 3 – 13

எந்த வரியைக் கூட்டினாலும் 34, மொத்தம் 136. எழுதி முடித்ததும் பத்துக் கூட்டல்களைச் சரிபாருங்கள்: நான்கு வரி, நான்கு பத்தி, இரண்டு மூலைவிட்டம். மூலைவிட்டத்தைக் கூட்டாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டு வரிகளை முழுதாக இடம் மாற்றி எழுதிவிட்டாலும் வரிக் கூட்டலும் பத்திக் கூட்டலும் 34 என்றே வரும். பெரும்பாலும் தவறைக் காட்டிக்கொடுப்பது மூலைவிட்டம்தான்.

நம் நவக்கிரக எந்திரம் பழகியவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அதில் ஒன்பது கோளுக்கும் 3×3 கட்டமே. சூரியனுக்கு 15, சந்திரனுக்கு 18 என்று மும்மூன்றாக ஏறி, குருவுக்கு 27, கேதுவுக்கு 39 என்று முடியும். இரண்டு முறைகளும் தம்மளவில் ஒழுங்கானவை. ஆனால் ஒன்றின் கட்டத்தில் மற்றதன் பெயர்களைப் பொறிப்பது வீண் வேலை. காரணம் எளிது. அக்ரிப்பா ஒவ்வொரு கோளுக்கும் தரும் ஆவிப் பெயர்கள் கட்டத்தின் எண்ணுக்கு ஒத்துப்போகும்படி அமைந்தவை. வியாழனின் அறிவாவி யோஃபியேல். எபிரேய எழுத்துகளின் மதிப்பு யோத் 10, ஹே 5, பே 80, யோத் 10, அலெஃப் 1, லாமெத் 30, கூட்டினால் 136. கீழ் ஆவியான ஹிஸ்மாயேலுக்கு ஹே 5, சாமெக் 60, மேம் 40, அலெஃப் 1, லாமெத் 30, அதுவும் 136. 27 வரும் கட்டத்தில் இந்தப் பெயர்களுக்கு இடமே இல்லை.

பெயரிலிருந்து முத்திரைக் கோடு வரைவது இப்படி. கட்டத்தில் 16க்கு மேல் எண் கிடையாது. ஆகவே 16ஐத் தாண்டும் மதிப்பின் கடைசிச் சுழியத்தை நீக்க வேண்டும்: 80 எட்டாகும், 30 மூன்றாகும். 10 கட்டத்திலேயே இருப்பதால் அதைத் தொடக்கூடாது. யோஃபியேலின் பாதை 10, 5, 8, 10, 1, 3. ஹிஸ்மாயேலின் பாதை 5, 6, 4, 1, 3. கட்டத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, முதல் எண்ணில் சிறு வட்டம் போட்டு, எண்ணுக்கு எண் நேர்கோடு இழுத்து, கடைசியில் குறுக்கே சிறு கோடு போட்டு முடிப்பது இன்றைய வழக்கம். ஓர் அறைக்கு 2 செ.மீ. கொடுத்தால் கட்டம் 8 செ.மீ. வரும். இதைவிடச் சிறிதாகப் போட்டால் 5, 8 ஆகிய அறைகளுக்கு நடுவே ஓடும் கோடு 11, 10 ஆகிய அறைகளில் நிற்பது போலத் தோன்றிக் குழப்பும். பத்தையும் ஒன்றாகக் குறைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிச் செய்தால் பாதை 1, 5, 8, 1, 1, 3 ஆகிவிடும், வேறு உருவமே வரும்.

உலோகத்தைப் பொறுத்தவரை அக்ரிப்பாவிடமே இழுபறி உண்டு. வியாழனுக்கு உரியது வெள்ளீயம் என்பது பொதுவான ஒப்புமை. ஆனால் கட்டத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வெள்ளித் தகடு என்கிறார். இரண்டுக்கும் மரபுச் சான்று இருப்பதால் எதுவானாலும் தவறில்லை. சனிக்குச் சொல்லப்படும் ஈயத்தில் மட்டும் கவனம் வேண்டும்; ஈயத்தைக் கீறும்போது பறக்கும் தூள் நஞ்சு. பிற்கால மரபு வண்ணம் தீட்டிய அட்டையையே ஏற்றுக்கொண்டது, அது போதும்.

அடுத்தது நேரம். இதில் தமிழ் வாசகருக்கு ஆதாயம் உண்டு, ஏனென்றால் கையில் ஏற்கனவே ஹோரை அட்டவணை இருக்கிறது. சனி, வியாழன், செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என்று சுழலும் அந்த வரிசை கிரேக்க சோதிடத்தின் வழியாக இந்தியாவுக்கும் வந்தது, ஐரோப்பாவுக்கும் போனது. 24 மணியை ஏழால் வகுத்தால் மீதி மூன்று. அதனால் மறுநாளின் முதல் ஹோரை வரிசையில் மூன்றாவது தள்ளி இருக்கும் கோளுக்குப் போகிறது. வார நாட்களின் வரிசை பிறந்ததும் இப்படித்தான். வித்தியாசம் அளவில் இருக்கிறது. நாள்காட்டி அட்டையில் காலை 6 மணி முதல் அறுபது அறுபது நிமிடமாகப் போட்டிருப்பார்கள். மேலை மரபில் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பொழுதைப் பன்னிரண்டாகவும், இரவைத் தனியே பன்னிரண்டாகவும் பிரிப்பார்கள். உதயம் 6:10, அஸ்தமனம் 18:22 என்றால் பகல் 732 நிமிடம். ஒரு பகல் ஹோரை 61 நிமிடம், இரவு ஹோரை 59. வியாழக்கிழமை குரு ஹோரை 6:10 முதல் 7:11 வரை, 13:17 முதல் 14:18 வரை, இரவில் 20:20 முதல் 21:19 வரை வரும். நம் ஊரில் அட்டைக்கும் இதற்கும் ஒரு மணிக்குள் தான் வேறுபாடு. லண்டனில் ஜூன் மாதப் பகல் ஹோரை சுமார் 83 நிமிடம், டிசம்பரில் சுமார் 39 நிமிடம். அங்கே இருந்துகொண்டு அறுபது நிமிடக் கணக்கில் வேலை செய்தால் பல நேரங்களில் ஹோரை தவறிப்போகும்.

இந்த இடத்தில் வரலாறு ஒரு வெட்டு வெட்டியது. 1614இல் ஐசக் கசோபன் என்ற மொழியறிஞர் ஹெர்மெஸ் நூல்களின் கிரேக்கத்தை அலசி, அவை மோசேயின் காலத்தவை அல்ல, கிறிஸ்துவுக்குப் பிற்பட்டவை என்று காட்டினார். சரியான முடிவு, நுட்பமான வேலை. ஆனால் அதே 1614இல்தான் ஜெர்மனியின் காசல் நகரில் ரோசிக்ரூசியன் என்ற ரகசியச் சகோதரத்துவத்தின் பெயரில் வந்த அறிக்கைகளில் முதலாவது அச்சானது. பல்கலைக்கழகங்கள் ஹெர்மெஸைக் கைவிடத் தொடங்கிய ஆண்டிலேயே ரகசியச் சகோதரத்துவம் என்ற எண்ணம் அவரை வாங்கிக்கொண்டது. அதன் பிறகு இந்த மரபு வளர்ந்தது சங்கங்களுக்குள்தான்.

அப்படிப்பட்ட சங்கங்களில் மிகுந்த செல்வாக்குப் பெற்றது 1888இல் லண்டனில் தொடங்கிய ஹெர்மெட்டிக் ஆர்டர் ஆஃப் தி கோல்டன் டான். வெஸ்ட்காட், மேத்தர்ஸ், வுட்மன் என்ற மூவர் நிறுவியது. கவிஞர் யேட்ஸும் நடிகை ஃபிளாரன்ஸ் ஃபாரும் உறுப்பினர்கள். சங்கத்துக்கு அனுமதி தந்ததாகச் சொல்லப்பட்ட ஜெர்மானியப் பெண்மணியின் கடிதங்கள் போலி என்றே பின்னாளைய ஆய்வு முடிவு கட்டியது. ஆனால் சடங்கின் கட்டுமானம் போலி அல்ல, அசாதாரணமான உழைப்பு. அக்ரிப்பாவின் கட்டங்களையும், யூத மறைஞானமான கபாலாவில் செஃபிரா எனப்படும் பத்து தெய்வ நிலைகளையும் அவர்கள் ஒரே மரத்தில் மாட்டினார்கள். மூன்றாம் செஃபிரா சனி, நான்காவது வியாழன், ஐந்தாவது செவ்வாய், ஆறாவது சூரியன், ஏழாவது சுக்கிரன், எட்டாவது புதன், ஒன்பதாவது சந்திரன். கட்டத்தின் அளவும் செஃபிராவின் எண்ணும் ஒன்றே. இனி உறுப்பினரின் படிநிலைகளைப் பாருங்கள்; முதல் எண் படி, இரண்டாவது செஃபிராவின் எண். தொடக்க நிலைக்குப் பின் 1=10 பூமி, 2=9 சந்திரன், 3=8 புதன், 4=7 சுக்கிரன், 5=6 சூரியன், 6=5 செவ்வாய், 7=4 வியாழன், 8=3 சனி. பொய்மாண்ட்ரெஸில் ஆன்மா ஏறிய அதே ஏணி, அதே வரிசை. அங்கே இறந்தபின் ஏறுவது, இங்கே உயிரோடு ஏறுவது.

தகட்டுக்கு உருவேற்றும் முறையிலும் இந்த ஏணிதான் இயங்குகிறது. புதிய உறுப்பினரைக் கண்ணைக் கட்டி, இடுப்பில் மூன்று சுற்றுக் கயிறு கட்டி உள்ளே அழைத்து வருவார்கள். தண்ணீரால் தூய்மை செய்வார்கள், நெருப்பால் புனிதப்படுத்துவார்கள், கடைசியில் கட்டவிழ்த்து ஒளியைக் காட்டுவார்கள். தகட்டுக்கும் இதே தீட்சைதான். துணியால் மூடி, மூன்று சுற்றுக் கயிறு கட்டி, நீர் தெளித்து, தூபம் காட்டி, பெயர்களை அழைத்து, திரையை விலக்குவது. அஸ்க்ளீபியஸின் சிலை இங்கே மனிதனுக்குச் சமமான மாணவனாகிவிட்டது. ஹெர்மெஸ் மரபு ஐரோப்பாவுக்குத் தந்ததில் ஆக அழகான கற்பனை இது என்பேன்.

வரைவில் சில நுணுக்கங்கள். வியாழன் தகட்டின் தளம் நீலம், குறிகள் அதன் எதிர் நிறமான ஆரஞ்சு. இரண்டும் தூய வண்ணமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், ஓரத்தோடு ஓரம் உட்கார வேண்டும்; அப்போதுதான் கண்ணுக்குத் துடிப்பது போலத் தெரியும். நீலம் காயும் முன் ஆரஞ்சை இட்டால் ஓரத்தில் பழுப்பு படியும், துடிப்பு போய்விடும். கோளை அழைக்க அறுமுனை நட்சத்திரம். உச்சி முனை சனி, வலது மேல் வியாழன், இடது மேல் செவ்வாய், வலது கீழ் சுக்கிரன், இடது கீழ் புதன், அடிமுனை சந்திரன், நடுவே சூரியன். வியாழனை அழைக்க வலது மேல் முனையில் தொடங்கி வலஞ்சுழியாக அடிமுனை, இடது மேல், மீண்டும் தொடங்கிய இடம். பிறகு எதிர்முனையான இடது கீழிலிருந்து உச்சி, வலது கீழ், மீண்டும் இடது கீழ். இடஞ்சுழியாகப் போட்டால் அது விலக்கும் குறி.

தொடக்கத்திலும் முடிவிலும் செய்வது ஐந்துமுனை நட்சத்திர விலக்குச் சடங்கு. கோடு இடது கீழ் முனையில் தொடங்கி உச்சிக்கு ஏறி, வலது கீழ், இடது மேல், வலது மேல் வழியாகத் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். உச்சியில் தொடங்கி இடது கீழே இறங்கினால் அது அழைக்கும் குறி. புதியவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுவார்கள். கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றும்போது கையைத் தாழ்த்தாமல் ஒரே கோடாக இழுத்து, வடக்கில் நின்றுவிடாமல் மீண்டும் கிழக்கில் சேர்த்து வட்டத்தை மூட வேண்டும். உருவேற்றிய தகட்டை வெண்பட்டில் சுற்றிய பிறகுதான் முடிவு விலக்கைச் செய்யலாம். திறந்தபடி வைத்துச் செய்தால், அழைத்ததை அந்தச் சடங்கே துடைத்துவிடும் என்பது இம்முறையினரின் விதி.

இந்த எபிரேயப் பெயர்களோ நட்சத்திரக் கோடுகளோ கார்பஸ் ஹெர்மெட்டிகத்தில் எங்குமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவை கபாலாவிலிருந்தும், இடைக்காலச் சடங்கு நூல்களிலிருந்தும், 1850களில் எழுதிய பிரெஞ்சு மாந்திரீக எழுத்தாளர் எலிஃபாஸ் லெவியிடமிருந்தும் வந்தவை. ஹெர்மெஸின் பங்கு சட்டகம்: மேலுலகுக்கும் கீழுலகுக்கும் நடுவே நிற்கும் மனிதன், கோளுக்குக் கோள் இணையும் சங்கிலி, ஏறும் வழி. 1909இல் வெளிவந்த வெய்ட்–ஸ்மித் டாரட் சீட்டுகளை உருவாக்கிய இருவரும் கோல்டன் டானில் இருந்தவர்கள்தான். சென்னை அடையாறில் 1882 முதல் தலைமையகம் வைத்திருக்கும் தியோசாபிகல் சொசைட்டிக்கும் தொடர்பு உண்டு. அதன் லண்டன் கிளையில் இருந்த அன்னா கிங்ஸ்ஃபோர்டு 1884இல் தனியாக ஹெர்மெட்டிக் சொசைட்டி தொடங்கினார். அங்கே உரையாற்றியவர்களில் மேத்தர்ஸும் வெஸ்ட்காட்டும் இருந்தார்கள். தியோசாபிகல் சொசைட்டியை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கியின் செயலராக இருந்த ஜி. ஆர். எஸ். மீட் 1906இல் ஹெர்மெஸ் நூல்கள் முழுவதையும் ஆங்கிலத்தில் தந்தார்.

இப்போது ஆறாம் படிக்கு வருவோம். பொய்மாண்ட்ரெஸில் வியாழன் மண்டலம் என்பது செல்வப் பேராசையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடக்க வேண்டிய இடம். அக்ரிப்பாவிடம் வியாழன் தகடு எதற்கு? ஆதாயம், செல்வம், தயவு, அமைதி, பதவி உறுதி. ஏணி அதேதான், ஆனால் ஒருவர் கொடுத்துவிட்டு ஏறச் சொன்ன படியில் இன்னொருவர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டச் சொல்கிறார். மேலை மாந்திரீகம் முழுவதும் இந்த முரண் ஓடுகிறது. இதைக் கவனிக்காத விளக்கம் எதுவும் பாதி விளக்கமே.

கோல்டன் டான் இதற்கு நடைமுறையில் ஒரு பூட்டுப் போட்டது. வெளிவட்டத்தில் இருப்பவருக்குத் தகடு செய்யும் முறையும் உருவேற்றும் முறையும் கற்பிக்கப்படவில்லை. அவருக்குச் செய்முறையாகக் கிடைத்தது முக்கியமாக ஐந்துமுனை விலக்குச் சடங்கு; மற்றபடி பாடம், தியானம், தேர்வு. சந்திரன், புதன், சுக்கிரன் படிகளைத் தாண்டி 5=6இல் சூரியனை எட்டியவருக்கே, 1892 முதல் இயங்கிய உள்வட்டத்தில், அந்தக் கைப்பிரதிகள் தரப்பட்டன. பொய்மாண்ட்ரெஸின் கணக்கில் வைத்துப் பார்த்தால், சூழ்ச்சியையும் மயக்கத்தையும் ஆளும் அகந்தையையும் ஒருமுறையாவது நேருக்கு நேர் பார்த்தவர் கைக்குத்தான் செல்வத்தின் தகடு போகும். சங்கம் 1900இல் உடைந்ததை நினைத்தால் இந்தப் பூட்டு முழுப் பாதுகாப்பு அல்ல. ஆனாலும் வரிசை சரியானது.

1937க்கும் 1940க்கும் இடையில் இஸ்ரேல் ரிகார்டி என்பவர் கோல்டன் டான் சடங்குகளை நான்கு தொகுதிகளாக அச்சிட்டபோது பூட்டு திறந்தது. அவை அழியாமல் காத்தது அந்தப் பதிப்புதான், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அன்று முதல் யாரும் எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம் என்றாகி, பெரும்பாலோர் தகட்டுப் பக்கத்தில் தொடங்குகிறார்கள். தனியாகப் பயில்கிறவர் அந்த வரிசையைத் தானே மீட்டுக்கொள்ளலாம். விலக்குச் சடங்கைக் கை தானாகப் போகும் வரை தினமும் செய்வது. கூடவே கார்பஸின் பதின்மூன்றாம் உரையை வைத்துக்கொள்வது. அறியாமை, துயரம், அடங்காமை, ஆசை, அநீதி, பேராசை, வஞ்சகம், பொறாமை, துரோகம், கோபம், அவசரம், தீய எண்ணம் என்று பன்னிரண்டு வதைப்பவர்களையும், அவர்களை விரட்டும் பத்து ஆற்றல்களையும் அது பெயர் சொல்லி அழைக்கிறது. ஒரு வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டால் பன்னிரண்டு வாரம். வெள்ளித் தகடு வாங்கும் செலவை அதன் பிறகு யோசிக்கலாம்.